காசநோய் உள்ளவரின் தட்டையும் தம்ளரையும் தனியே வைப்பதால் பயன் உண்டா?

பொருநை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மாமனாருக்கு நுரையீரல் காசநோய் இருப்பது சென்ற வாரம் உறுதியாயிற்று. அவருக்கு வயது 64. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. இரண்டு மாதங்களுக்கும் மேலாக இருமல் இருந்தும், மழைக்காலத்துச் சளிதான் என்று எண்ணி அவரே மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துவந்தார். எடை குறைந்து, மாலை நேரங்களில் காய்ச்சலும் வரத் தொடங்கிய பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சம்மதித்தார். சளியில் கிருமி இருக்கிறது என்றும், அது வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் வகைதான் என்றும் கூறி, ஆறு மாதச் சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறார்கள்.

அன்று முதல் வீட்டில் பெரிய மாற்றம். என் மாமியார் அவருக்கென்று தட்டு, தம்ளர், கரண்டி எல்லாவற்றையும் தனியே ஒதுக்கி, ஒவ்வொரு வேளையும் கொதிநீரில் போட்டு எடுக்கிறார். துணிகளைத் தனியாக ஊறவைக்கிறார். பின்கட்டில் உள்ள சிறிய அறையில் அவரைப் படுக்கவைத்து, கிருமி வெளியே வந்து பிள்ளைக்கு ஒட்டிவிடக் கூடாது என்று ஜன்னலையும் கதவையும் சாத்தியே வைக்கிறார். பேத்தியைத் தூக்கிக் கொஞ்சாமல் இருந்தறியாத மனிதர், இப்போது யாரோடும் பேசுவதில்லை. மாமியாரின் அச்சத்தையும் என்னால் தவறென்று சொல்ல முடியவில்லை. அவர் தம் தமையனை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர்.

தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். இந்நோய் உண்மையில் எவ்வழியில் பரவுகிறது? பாத்திரத்தாலும் துணியாலும் பரவுமா? எத்தனை நாள் இப்படி ஒதுக்கிவைக்க வேண்டும்? என் நான்கு வயது மகள் இவ்வளவு காலமும் தாத்தாவின் அருகில்தான் உறங்கினாள், பிறந்தபோதே பி.சி.ஜி. ஊசி போடப்பட்டிருப்பதால் அவளுக்கு அச்சமில்லை என்று கருதலாமா? எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இந்நோய் இல்லாதபோது இவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்பதும் எங்களுக்குப் புரியவில்லை.


கரிசல் எழுதியது:

சகோதரி பொருநை அவர்களுக்கு வணக்கம். நான் பல ஆண்டுகள் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் சளி மாதிரிகளைப் பரிசோதிக்கும் பணியில் இருந்தவன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தட்டைப் பிரித்து வைப்பதால் உங்கள் மகளுக்குச் சிறிதளவும் பாதுகாப்புக் கூடப்போவதில்லை. ஆனால் அந்த ஜன்னலைச் சாத்தி வைப்பதால் அறைக்குள் போய்வரும் உங்கள் மாமியாருக்கு ஆபத்துக் கூடுகிறது. தயவுசெய்து இன்றே திறந்துவிடுங்கள். காரணத்தை விளக்குகிறேன்.

இந்நோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்னும் பாக்டீரியாவை ராபர்ட் கோக் பெர்லினில் 1882 மார்ச் 24 அன்று உலகுக்கு அறிவித்தார். அதைச் சுற்றி மெழுகுத் தன்மை கொண்ட தடித்த கொழுப்புறை ஒன்று உண்டு. சாதாரணச் சாயம் அதில் எளிதில் ஏறாது. சூடாக்கிச் சிவப்புச் சாயத்தை ஏற்றிவிட்டால், பிறகு அமிலத்தை ஊற்றிக் கழுவினாலும் அந்தச் சாயம் போகாது. நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகளாக அது தென்படுவதை வைத்துத்தான் நாங்கள் கிருமி இருக்கிறது என்று எழுதுவோம். இது மிக மெதுவாக வளரும் உயிரி. குடலில் வாழும் ஈ.கோலை தக்க சூழலில் சுமார் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு அதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். சிகிச்சை மாதக்கணக்கில் நீள்வதற்கு இந்த மந்தமும் ஒரு காரணம், ஏனெனில் பெருகாமல் அடங்கிக் கிடக்கும் கிருமியை மருந்து எளிதில் கொல்வதில்லை.

இனிப் பரவும் வழி. நோயாளி இருமும்போதும், தும்மும்போதும், பேசும்போதும் பல அளவுள்ள நீர்த்துளிகள் வெளிவருகின்றன. பெரியவை சிறிது தொலைவுக்குள் தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவற்றில் உள்ள நீர் நொடிப்பொழுதில் உலர்ந்துபோக, ஒன்று முதல் ஐந்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவுள்ள துகள்கள் மட்டும் எஞ்சும். அவை இலகுவானவை என்பதால் கீழே இறங்காமல், காற்றோட்டமில்லாத அறையில் பல மணி நேரம் மிதந்துகொண்டிருக்கும். இருமியவர் எழுந்து சென்ற பிறகும் அந்த அறைக்குள் நுழைபவர் அவற்றைச் சுவாசிக்கக் கூடும். நோயைக் கொண்டுசெல்பவை இந்த மிதக்கும் துகள்களே.

அளவு இங்கே ஏன் முக்கியம் என்றால், இக்கிருமி நோயை உண்டாக்க வேண்டுமானால் நுரையீரலின் அடியாழத்தில் உள்ள காற்று நுண்ணறைகள் வரை போய்ச் சேர வேண்டும். பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள கோழையில் சிக்கி, அங்குள்ள நுண்மயிர்களால் மேலே தள்ளப்பட்டு, நாம் அறியாமலேயே விழுங்கப்பட்டுவிடுகின்றன. ஐந்து மைக்ரானுக்கும் குறைந்தவைதான் அத்தனை காவலையும் கடந்து உள்ளே போகின்றன. அங்கே நம் உடலின் விழுங்கணுக்கள் கிருமியைப் பிடித்து விழுங்குகின்றன. ஆனால், விழுங்கியதைச் செரிக்கும் அந்த அணுவின் ஏற்பாட்டைத் தடுத்து, அதற்குள்ளேயே தங்கிப் பெருகும் திறன் இக்கிருமிக்கு உண்டு. எச்சிலோடு தட்டில் ஒட்டிய கிருமிக்கோ, மறுபடி அந்த அளவுள்ள துகளாகிக் காற்றில் எழும்ப வழியே இல்லை. வாய்வழியாகப் போனாலும் அது சேருமிடம் இரைப்பைதான். விழுங்குவதால் நோய் உண்டாக வேண்டுமானால், சுவாசிப்பதோடு ஒப்பிட மிகப் பெரும் எண்ணிக்கையில் கிருமிகள் வேண்டும். எனவே அவருடைய தட்டை மற்றவர்களின் தட்டுகளோடு வழக்கம்போலச் சோப்புப் போட்டுக் கழுவினாலே போதும். துணிகளும் அப்படியே, வெயிலில் உலர்த்தினால் இன்னும் நல்லது, நேரடி வெயில் இக்கிருமியை விரைவில் கொன்றுவிடும்.

இவை ஊகங்கள் அல்ல. 1950களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் வெல்ஸ், ரிச்சர்ட் ரைலி ஆகியோர் செய்த ஆய்வை இன்றைக்கும் வியந்துதான் படிக்கிறேன். காசநோயாளிகள் தங்கியிருந்த ஆறு படுக்கைகள் கொண்ட பிரிவிலிருந்து வெளியேறும் காற்றை மட்டும் குழாய்வழியாகக் கொண்டுபோய், கினிப் பன்றிகள் இருந்த அறைக்குள் செலுத்தினார்கள். அந்த விலங்குகள் எந்த நோயாளியையும் தொட்டதில்லை. அவர்களுடைய பாத்திரத்தையோ படுக்கையையோ நெருங்கியதும் இல்லை. இருந்தும் அவற்றுக்கு நோய் தொற்றியது. அதே காற்றைப் புறஊதாக் கதிர்களுக்கு உட்படுத்திய பிறகு செலுத்திய மற்றோர் அறையில் தொற்றவில்லை. தொடர்ந்து நடந்த ஆய்வில், மருந்து உட்கொள்ளத் தொடங்கிய நோயாளிகளிடமிருந்து, மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியாக இருக்கும்போது, தொற்றுவது மிகச் சிறு அளவாகக் குறைந்துவிடுகிறது என்பதும் தெரிந்தது. சளியில் அதன் பிறகும் சில வாரங்கள் சிவப்புக் குச்சிகள் தென்படலாம். அவற்றுள் பல இறந்துபோனவையாகவே இருக்கும்.

ஆகவே உங்கள் மாமனார் மிகுதியாக நோயைப் பரப்பக்கூடியவராக இருந்தது, இருமல் மருந்து குடித்துக்கொண்டு எல்லோருடனும் இயல்பாக இருந்த அந்த மாதங்களில்தான். இப்போது ஒவ்வொரு நாளும் அது குறைந்துகொண்டே வருகிறது. முதல் இரண்டு வாரங்கள் அவர் காற்றோட்டமான அறையில் தனியே உறங்கட்டும். மற்றவர்கள் இருக்கும்போது முகக்கவசம் அணியட்டும். இருமும்போது துணியால் வாயை மூடட்டும். சளியை மூடியுள்ள குவளையில் துப்பி, கழிப்பறையில் கொட்டிவிடலாம்.

எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு: கிருமி உடலில் நுழைந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வாழ்நாள் முழுவதும் நோயே வருவதில்லை. உடல் அதைச் சூழ்ந்து அடக்கி வைத்துவிடுகிறது. உலக மக்களில் ஏறத்தாழ கால் பங்கினரிடம் இத்தொற்று ஏதோ ஒரு காலத்தில் ஏற்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அடங்கியிருந்த கிருமி, சர்க்கரை நோய், முதுமை, ஊட்டக் குறைவு, புகைப்பழக்கம் போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் தளரும்போது மீண்டும் தலைதூக்கக் கூடும். சர்க்கரை நோய் ஒன்றே அந்த வாய்ப்பை இரண்டு முதல் மூன்று மடங்கு ஆக்கிவிடுகிறது. இளமையில் ஒரு பேருந்திலோ, வேலை செய்த இடத்திலோ சுவாசித்த காற்றாக இருக்கலாம். அண்மையில் தொற்றியதாகவும் இருக்கலாம். நோய் பரவலாக உள்ள நாடுகளில் தொற்றின் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியேதான் நிகழ்கிறது. வீட்டில் வேறு நோயாளி இல்லை என்பதில் வியப்பே இல்லை.


செங்கை எழுதியது:

கரிசல் ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பொருநை அவர்களின் வீட்டில் இப்போது எழுந்துள்ள இதே கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்ன ஊர் நம் சென்னை. நம்மவர் பலருக்கு இது தெரியாமலிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

1950களின் நடுப்பகுதி வரை காசநோய் என்றால், நோயாளிகளை நீண்ட நாள் தங்கவைக்கும் மருத்துவமனையான சானடோரியம்தான். தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சவரிமுத்து தொடங்கிய சானடோரியத்தின் பெயரை அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு, அத்துடன் குடும்பத்திலிருந்து பிரிப்பு: இவைதான் சிகிச்சையின் அடிப்படையாகக் கருதப்பட்டன. நாட்டில் நோயாளிகளோ லட்சக்கணக்கில். படுக்கைகளோ அதில் மிகச் சிறு பங்கு. புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 42. காசநோய்க்கான மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆகியிருந்த காலம் அது. ஆனால் அம்மருந்து நம் நாட்டு நோயாளிகளுக்கு எளிதில் எட்டக்கூடியதாக இல்லை.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தை நிறுவின. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓராண்டு தங்கி மருந்து உட்கொண்டார்கள். மற்றவர்கள் அதே மருந்துகளைத் தம் வீட்டிலேயே இருந்து உட்கொண்டார்கள். வீட்டில் இருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரே அறையில் முழுக் குடும்பம். சானடோரியத்தில் கிடைத்ததைவிட மிகக் குறைந்த உணவு. போதிய ஓய்வு கிடையாது; பலர் வேலைக்கும் சென்றார்கள். மருந்தை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று சிறுநீரைச் சோதித்தும், வீடு தேடிச் சென்றும் கண்காணித்தார்கள்.

1959இல் வெளியான முடிவு அன்றைய மருத்துவ உலகம் எதிர்பாராதது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நம் கேள்விக்கு உரிய பகுதி இதுதான்: இரு பிரிவு நோயாளிகளின் குடும்பத்தாரையும் அதே ஐந்தாண்டுகள் பரிசோதித்துவந்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்து சிகிச்சை பெற்றதால் அவருடைய குடும்பத்துக்கு நோய் வருவது கூடவில்லை. தொற்றியவர்களுக்குப் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே தொற்றியிருந்தது. ஓராண்டு முழுவதும் கணவனையோ மனைவியையோ பிரித்து எங்கோ அனுப்பியபோதே கிடைக்காத பாதுகாப்பு, தட்டைப் பிரிப்பதாலா கிடைத்துவிடும்?

அந்த ஆய்வுக்குப் பிறகுதான் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை என்ற முறை உலகெங்கும் பரவி, சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டன. அந்த மையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அதே சேத்துப்பட்டில் இயங்குகிறது. நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்துகொண்டு, வாரந்தோறும் மருந்து வாங்க வந்த அந்த ஏழை நோயாளிகளுக்கு இந்த உலகம் கடன்பட்டிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.


மருதம் எழுதியது:

மேலே எழுதிய இருவரின் அறிவையும் மதிக்கிறேன். எனினும் எனக்கொரு ஐயம் உண்டு. குடலிலும் காசநோய் வருகிறது என்று மருத்துவர்களே கூறுகிறார்கள். அப்படியானால் வாய்வழியாகவும் கிருமி போகிறது என்றுதானே பொருள்? மேலும், டைஃபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை போன்றவை உணவாலும் நீராலும் பரவுபவை. எச்சில் பாத்திரத்தை விலக்கும் பழக்கம் நம் பெரியோரிடம் இருந்ததற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஜன்னலையும் திறந்து, தட்டையும் பிரித்து வைத்தால் என்ன குறைந்துவிடும்? கூடுதல் எச்சரிக்கையால் தீங்கு ஏது?


கரிசல் எழுதியது:

மருதம் அவர்களின் கேள்வி நியாயமானது. குடல் காசநோய் பெரும்பாலும் எப்படி உண்டாகிறது என்றால், நுரையீரலில் நோயுள்ளவர் கிருமி நிறைந்த தம் சளியைத் தாமே நாள்தோறும் விழுங்குவதாலும், இரத்தத்தின் வழியே கிருமி வேறு உறுப்புகளுக்குச் செல்வதாலும்தான். உணவுவழியாகப் பரவும் ஒரு வகையும் உண்டு: மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்னும் நெருங்கிய இனம் மாடுகளைத் தாக்கி, காய்ச்சாத பாலின் மூலம் மனிதருக்கு வருகிறது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் எத்தனையோ குழந்தைகள் அவ்வாறு நோயுற்றார்கள். பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கம் நம்மைப் பெரிதும் காத்துவந்திருக்கிறது. பச்சைப் பால்தான் உடலுக்கு நல்லது என்று இப்போது சிலர் பேசுவதைக் கேட்டால் கவலையாக இருக்கிறது.

ஆனால் காலராவையும் காசநோயையும் ஒரே விதிக்குள் வைக்க முடியாது. காலராக் கிருமி நீரில் வாழ்ந்து, வாய்வழி புகுந்து, சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு, மலத்தின் வழி வெளியேறுவது. அதற்குக் கைகழுவுதலும் நீரைக் கொதிக்கவைத்தலும் பாத்திரச் சுத்தமும்தான் மருந்து. அங்கே ஜன்னலைத் திறப்பதால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு வாசல் உண்டு. அந்த வாசலைத்தான் அடைக்க வேண்டும். வேறு வாசலில் காவல் இருப்பவர், காத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் உண்மையான வாசலைக் கவனிக்காமல் போகிறார். பொருநை அவர்களின் வீட்டில் தட்டு கொதிநீரில் வேகும்போது ஜன்னல் சாத்தியிருந்தது இதனால்தான்.

தீங்கு ஏது என்றீர்கள். நோயாளியின் மனம் படும் வேதனை ஒருபுறம் இருக்கட்டும். அதைக் கண்ட அக்கம்பக்கத்தார், நாளைக்குத் தமக்கே இரண்டு வாரம் இருமல் நீடித்தால் என்ன செய்வார்கள்? இப்படி ஒதுக்கப்படுவோமே என்று அஞ்சி மறைப்பார்கள். மறைக்கும் ஒவ்வொரு வாரமும் சிகிச்சையில்லாமல் கிருமி காற்றில் கலக்கும் வாரம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் எந்தச் சிகிச்சையையும் நாடவில்லை என்று தெரியவந்தது. அறிகுறியைப் பொருட்படுத்தாமை அதற்கு முதன்மையான காரணமாக இருந்தது. அதனுடன் அச்சத்தையும் நாமே சேர்த்துக் கொடுக்க வேண்டுமா?


வைகைக்கரை எழுதியது:

பொருநை அவர்களே, நான் காசநோய்த் திட்டத்தில் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைச் சந்திக்கும் பணியில் இருக்கிறேன். உங்கள் மகளைப் பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த உரையாடலில் மிக அவசரமானது அதுதான்.

பி.சி.ஜி. ஊசியை நம்பி இருந்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைச்சவ்வுக் காசநோய், உடல் முழுதும் பரவும் காசநோய் ஆகிய கொடிய வகைகளிலிருந்து அது பெருமளவு காக்கிறது. அதற்காகத்தான் பிறந்தவுடன் போடுகிறோம். ஆனால் தொற்று வராமல் அது தடுத்துவிடாது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் நடத்திய மாபெரும் ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுக்கவில்லை என்றே முடிவு வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று ஏற்பட்டால், அது நோயாக மாறும் வாய்ப்புப் பெரியவர்களைவிட மிக அதிகம். மாறுவதும் விரைவாக நடக்கும். எனவே நாளையே குழந்தையை அழைத்துச் சென்று, அவள் தாத்தாவின் அருகில் உறங்கியவள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல், இருமல், எடை கூடாமை, கழுத்தில் கட்டி ஆகியவை உண்டா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். நோய் இல்லை என்று உறுதியானால், நோய் வராமல் தடுக்கும் மருந்து கொடுப்பார்கள். ஆறு மாதம் நாள்தோறும் ஐசோனியசிட் என்பது ஒரு முறை. வாரம் ஒரு வேளையாக 12 வாரங்கள் என்பது இன்னொரு முறை. எது உங்கள் குழந்தைக்கு ஏற்றது என்பதை அவள் வயதையும் எடையையும் பார்த்து முடிவு செய்வார்கள். நீங்களும், உங்கள் கணவரும், மாமியாரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் உள்ள அனைவருக்கும் இந்தத் தடுப்பு மருந்து இப்போது அரசுத் திட்டத்திலேயே உண்டு. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு மாத்திரை எதற்கு என்று பலர் மறுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

மாமனாரைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் காரணமாகச் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போகும். இரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே மருந்து, சர்க்கரைக்கான சில மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். ஆகவே சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்து, மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் காசநோயும் எளிதில் அடங்காது. தொடர்ந்து வாந்தி, கண் மஞ்சளாதல், பார்வை மங்குதல், கைகால் மதமதப்பு இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒரு மாதத்தில் இருமல் நின்று பசி எடுக்கத் தொடங்கும். குணமாகிவிட்டது என்று எண்ணி மாத்திரையைக் கைவிடும் காலம் அதுதான். அவ்வாறு விட்டால், பிழைத்திருக்கும் கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாதவையாக மாறித் திரும்பிவர இடம் கொடுத்தவர்கள் ஆவோம்.

அந்தத் தட்டைப் பற்றி நான் கவலைப்படுவது ஒன்றே ஒன்றுக்காகத்தான்: அதில் என்ன இருக்கிறது? ஜார்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வொன்றில், நோயாளிகளின் குடும்பத்தாருக்கு ஆறு மாதங்கள் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை ஆகியவற்றைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். 10,000க்கும் மேற்பட்ட குடும்பத்தார் அதில் பங்கேற்றார்கள். கொடுக்காத குடும்பங்களோடு ஒப்பிட, அவர்களுக்குக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதங்களுக்குள் எடை ஏறியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. ஆகவே முட்டை, பயறு, நிலக்கடலை, மீன் என்று வீட்டு வசதிக்கேற்பக் கொடுங்கள். அவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். ஊட்டச்சத்துக்காக அரசு தரும் தொகை முன்பு மாதம் 500 ரூபாயாக இருந்தது. 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். வங்கிக் கணக்கு விவரத்தைப் பதிவு செய்துவிட்டார்களா என்று சுகாதார நிலையத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.


பொருநை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கரிசல் ஐயாவும் செங்கை அவர்களும் எழுதியதை மாமியாருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பால்டிமோர் ஆய்வைவிடச் சென்னை ஆய்வுதான் அவர் மனத்தைத் தொட்டது. ஒரே அறையில் குடும்பத்தோடு இருந்தவர்களே குணமானார்களா என்று இரண்டு முறை கேட்டார். ஜன்னலைத் திறந்துவிட்டோம். மகளுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. நோய் இல்லை என்றும், தடுப்பு மருந்து தொடங்கலாம் என்றும் கூறியிருக்கிறார்கள்.

இன்னும் ஒரு கேள்வி. என் நாத்தனார் கர்ப்பமாக இருக்கிறார். அடுத்த மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் வளைகாப்பு நடத்தி அழைத்துவருவதாக முன்பே முடிவாகியிருந்தது. அதைத் தள்ளிவைக்க வேண்டுமா? மாமனாரை அன்று வேறு வீட்டில் தங்கச் சொல்லலாம் என்று உறவினர் சிலர் கூறுவது எங்களுக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.


வைகைக்கரை எழுதியது:

தள்ளிவைக்க வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்குள் அவர் ஆறு வாரங்களுக்கு மேல் மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பார். மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்பதும் உறுதியாகியிருப்பதால், ஒரு வேளையும் தவறவிடாமல் உட்கொண்டு, இருமலும் குறைந்திருந்தால், அவரிடமிருந்து தொற்றும் வாய்ப்பு அற்பமே. இருந்தாலும் நாத்தனாரின் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அண்மைக் காலத்தில் அவர் உங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார் என்றால், வளைகாப்புக்காகக் காத்திராமல் இப்போதே அவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கர்ப்பிணி என்பதால் எக்ஸ்ரே பற்றி மருத்துவர் முடிவு செய்வார். சளிப் பரிசோதனைக்குத் தடையேதும் இல்லை.

விழாவைக் கூடத்துக்குள் நெருக்கியடித்து நடத்தாமல், முற்றத்திலோ வாசல் பந்தலிலோ வையுங்கள். மாமனாரும் அங்கேயே இருக்கட்டும். அவர் வீட்டை விட்டுப் போக வேண்டிய காரணம் ஒன்றும் இல்லை. வருபவர்களில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அவர்களைத் தனியே அழைத்துச் சளியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் மாத முடிவில் மாமனாரின் சளியை மறுபடி எடுப்பார்கள். காலையில் எழுந்தவுடன், பல் துலக்கும் முன், வாயை வெறும் நீரால் கொப்பளித்துவிட்டு, அடியிலிருந்து இருமி வரும் சளியைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். வெறும் எச்சிலைக் கொடுத்தால் முடிவு சரியாக வராது.